மாப்பிள்ளையைப் பிடிக்க வானத்துக்குப் போனேன்

எனக்கு உயரம் என்றாலே ஆகாது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில்கூடக் கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளித்தான் நடப்பேன். நடுப்பாலத்தில் நின்று சாவகாசமாகக் கீழே ரயில் பார்க்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அப்படிப்பட்ட நான் தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு சித்திரை மாதக் காலையில், கதவே இல்லாத ஒரு குட்டி விமானத்தில், என் தங்கை புருஷனின் மார்போடு கொக்கி போட்டு மாட்டப்பட்டு உட்கார்ந்திருந்தேன். ஆசைப்பட்டு ஒன்றும் போகவில்லை. வேறு வழி தெரியாமல் போனேன்.

தலைதீபாவளியன்று ஆரம்பித்தது இந்தச் சனியன். மாப்பிள்ளை ராணுவத்தில் பாராசூட்டில் குதிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதை விட்டு வந்து, பொதுமக்களுக்கு அதையே சொல்லிக்கொடுக்கும் ஒரு கிளப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கீழ்க்கட்டளையில் வாடகை வீடு. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தங்கையோடு பண்டிகைக்கு வந்தார். சாப்பாட்டு இலையில் பாயசம் விழும் நேரம், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேலேருந்து கீழ விழறதுக்கு ஒரு சம்பளமா மாப்பிள்ளை? எங்க வீட்டு மாங்கா வருஷா வருஷம் சும்மாதானே விழுது?"

பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். இலையிலிருந்து, பாதிச் சாப்பாட்டில். என் தங்கை ஓடிப்போய், "அப்பா விளையாட்டுக்குச் சொன்னாருங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் வினை. "அப்ப நீ உங்கப்பாகூடவே விளையாடிக்கிட்டு இரு" என்று சொல்லி பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனவர்தான், பொங்கலுக்கும் வரவில்லை.

அப்பா இறங்கி வரமாட்டேன் என்றார். "இலையில உக்காந்தவன் எழுந்து போனான். அவனே வந்து உக்காரட்டும்." நான் கீழ்க்கட்டளைக்கு எத்தனை நடை நடந்தேன்! வாசலில் பைக் நிற்கும், கதவு திறக்காது. பக்கத்து போர்ஷன் அம்மா எட்டிப் பார்த்து, "அவர் இல்லப்பா" என்பார், என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு. உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். வெட்கங்கெட்டுப்போய் திரும்பி வருவேன்.

இதற்குள் தங்கை முழுகாமல் இருப்பது தெரிந்தது. இதைவிட நல்ல சாக்கு உண்டா? மாப்பிள்ளை வீட்டுக்கு இனிப்போடு போய்ச் சொல்லவேண்டிய சேதி. அதை அப்பா தடுக்கவில்லை, அம்மா தடுக்கவில்லை. தங்கைதான் தடுத்தாள். "குழந்தைக்காக வந்தார்னா, காலம் பூரா குழந்தைக்காக வந்தவராத்தான் இருப்பார். என்னைத் தேடி வரணும். இல்லன்னா வரவே வேணாம்." என் தலையெழுத்து, எங்கள் வீட்டில் எல்லோருமே பிடிவாதம். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் முறுக்கிக்கொண்டு உட்கார, நடுவில் ஓடுகிறவன் நான்.

வீம்பாகப் பேசினாளே தவிர, அவள் இருந்த இருப்பு? தெருவில் எந்த பைக் போனாலும் கேட்டுக்கு ஓடினாள். பால்காரனின் பழைய வண்டிக்கும் ஓடினாள். திரும்பி வரும்போது யாரையும் பார்க்கமாட்டாள். சோறு இறங்கவில்லை. ஏழாம் மாதத்தில் காலெல்லாம் வீங்கி, ரத்த அழுத்தம் ஏற ஆரம்பித்தது. நான் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அவளுக்கு எழுதிய மாத்திரையை என் கையாலேயே எடுத்துப் பொட்டலம் போட்டேன். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாத்திரை நான் குடுத்துடுவேன். மனசுக்கு நான் எங்க போக? இப்படியே ஏறிக்கிட்டே போனா குழந்தைய இப்பவே எடுக்க வேண்டி வரும். இந்த மாசத்துல எடுத்தா என்னன்னு உனக்கே தெரியும்." எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் என்னால் தூங்க முடியவில்லை. அம்மா வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பீரோவுக்குள்ளேயே கிடந்தது.

அந்த வாரத்தில்தான் கடைக்கு ஒரு ஜீப் டிரைவர் வந்தான். முட்டிக்குச் சுற்றும் துணிக்கட்டும் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயும் கேட்டான்.

"யாருக்கு அடி?"

"நம்ம மாஸ்டருங்களுக்கு தான் சார். மேல்லேந்து குதிக்கிறாங்கோ இல்ல. படப்பை தாண்டி ஒரு கிரவுண்டு கீது. இப்ப பப்ளிக்கையும் இட்டுகினு குதிக்கிறாங்கோ. நெஞ்சோட சேத்து மாட்டிக்கினு."

"எத்தனை மாஸ்டர்?"

"ரெண்டு பேரு. ஒர்த்தரு குள்ளம். இன்னோர்த்தரு நல்ல வளத்தி, மீசை. வாயே தொறக்க மாட்டாரு. சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார்."

எங்கள் மாப்பிள்ளையேதான். "யாரை யாரோட மாட்டுவாங்க?"

"வெயிட்டு பாத்து தான். குண்டா கீறவங்க குள்ள மாஸ்டரோட. உன்ன மாரி ஒல்லிங்க மீசைக்காரரோட. இன்னா, வரியா?"

"மாட்டினப்புறம் நடுவுல கழட்ட முடியுமா?"

"நடுவுல கழட்னா நீ காலி சார்! தரைக்கு வந்தாத்தான் கழட்டுவாங்கோ."

அது போதும் எனக்கு. கதவைச் சாத்திக்கொள்கிற மனுஷனைக் கதவே இல்லாத இடத்தில் பிடித்துவிடலாம். இப்படியெல்லாம் புத்தி போகுமா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது புத்தியே இல்லை, வெறும் பதைப்புதான்.

படப்பை பக்கம் போகிறேன், மாப்பிள்ளையைப் பார்ப்பேன் என்று மட்டும் தங்கையிடம் சொன்னேன். குதிக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள். "குழந்தையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு." ஏழு மாதக்காரி தலையில் அடித்த சத்தியம். மீறினால் யாருக்கு என்ன ஆகும் என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. "சத்தியம்டி, சத்தியம்" என்றேன். அழுகை வந்தது எனக்கு.

மைதானத்தில் என் பெயரைக் கூப்பிட்டதும் மாப்பிள்ளை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். குள்ள மாஸ்டர் பக்கம் திரும்பினார். அவர் ஏற்கெனவே ஒரு பருத்த மனிதருக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னார்: "சார், கையைத் தூக்குங்க."

சார்! மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்ட மனுஷன். கன்னத்தில் அறைந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. பட்டையை இழுத்து இழுத்து இறுக்கினார். "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம்..." என்றேன். "மேல போனதும் தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கணும் சார். காலை மடக்கிக்கணும் சார்" என்று பாடம் ஒப்பித்தார். சரி, விமானத்துக்குள் எங்கே போய்விடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விமானம் கிளம்பியதும்தான் என் திட்டத்தின் லட்சணம் புரிந்தது. நெல்லு மிஷினுக்குள் தலையை விட்டதுபோல் அப்படி ஒரு இரைச்சல். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் எனக்குப் பின்னால், நான் அவர் மடியில், இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் கட்டுண்டு கிடக்கிறோம். நான் திரும்பித் திரும்பிக் கத்துகிறேன், அவர் என் தலையைப் பிடித்து நேராக வைக்கிறார். நாலு நாளாக மனப்பாடம் பண்ணிய பேச்சு முழுவதும் இன்ஜினுக்குப் போய்ச் சேர்ந்தது. கீழே செம்பரம்பாக்கம் ஏரி ஒரு கிண்ணம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. பார்த்துவிட்டேன்.

கதவு இருக்கவேண்டிய ஓட்டைக்கு உட்கார்ந்தபடியே தள்ளிக்கொண்டு போனார். என் கால் இரண்டும் வெளியே தொங்கின. வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். அதற்குள் விழுந்துவிட்டோம்.

விழுகிறபோது மனுஷன் என்ன நினைப்பான் என்று பிறகு பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். செத்துப்போகிறவனுக்கு என்ன சத்தியம், என்ன மண்ணாங்கட்டி? காற்று கன்னத்தைப் பிய்த்துக்கொண்டிருக்க, இருந்த உயிரையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "அவ ஏழு மாசம் மாப்பிள்ளை! ஏழு மாசம்! பிபி ஏறிப்போச்சு! புள்ளைய எடுத்துடுவாங்க!" வாயிலிருந்து வார்த்தை வந்ததா, வெறும் எச்சில் வந்ததா, எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு பெரிய இழுப்பு. நிமிர்ந்துவிட்டோம். மேலே பாராசூட் விரிந்திருந்தது. சத்தம் அப்படியே நின்றுபோனது. இப்படி ஒரு அமைதி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மூச்சு விடுவது என் காதில் கேட்டது. எங்கேயோ கீழே ஒரு மாடு கத்துவதும் கேட்டது.

ஐயோ, சொன்னது கேட்டிருக்குமோ என்று அப்போதுதான் உறைத்தது. என் தங்கை தலையில் கை வைத்துச் செய்த சத்தியமாயிற்றே.

"மாப்பிள்ளை" என்றேன்.

"காலை ஆட்டாதீங்க சார்."

"கால் போய்த் தொலையட்டும். வீட்டுக்கு வாங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"உங்கப்பா வரச் சொன்னாரா?"

"இல்ல."

"அவ சொன்னாளா?"

"அவளும் சொல்லல. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கேட்டுக்கு ஓடறா. பால்காரன் வண்டிக்குக் கூட. அது நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் அவ திரும்பி வர்றதப் பாக்க என்னால முடியல மாப்பிள்ளை. அதுக்குத்தான் வந்தேன். இல்லன்னா நான் எதுக்கு இங்க வந்து சாகணும்?"

"அன்னிக்கு அவ என் பின்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "உடம்பு நல்லாத்தானே இருக்கா?" என்றார். குரல் மாறியிருந்தது.

"நல்லா இல்ல."

"என்ன உடம்புக்கு?"

நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன். "அதுக்கு மேல கேக்காதீங்க. வந்து பாருங்க."

தரை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. "காலைத் தூக்குங்க! மச்சான், காலைத் தூக்குங்க!" என்று அலறினார். தூக்கினேன். புழுதியில் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே இழுபட்டுப் போய் நின்றோம்.

கொக்கிகளைப் பிடுங்கிக் கழட்டிவிட்டு அவர் ஓடியதைப் பார்த்து ஜீப் டிரைவர் வாயைப் பிளந்தான். "இன்னா சார், மாஸ்டரு பாராசூட்டைக்கூட சுருட்டாம ஓட்றாரு! நீ இன்னா சொன்னே?" மண்ணிலேயே வாந்தி எடுத்தேன். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பைக் பக்கத்தில் நின்றது. "ஏறுங்க" என்றார்.

முடிச்சூர் ரோடு முழுக்க அவர் பைக்கை விரட்டினார். தாம்பரத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி நகருவேனா என்று நகர்ந்தது. அவர் ஹாண்டில்பாரைக் குத்தினார். "ஏதாவது பெரிய வியாதியா? அதையாவது சொல்லுங்க மச்சான்." அவர் முதுகு நனைந்து சட்டை ஒட்டியிருந்தது. நான் கூட்ஸ் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில் நான் கத்தியதைக் கேட்டுவிட்டுக் கேட்காததுபோல் நடிக்கிறாரா, நிஜமாகவே ஒன்றும் தெரியாதா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழந்தை விஷயம் முன்பே தெரிந்துதான் அவர் வருகிறார் என்றால், என் தங்கை அவர் முகத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். கதவைச் சாத்திக்கொள்வாள். அதோடு எல்லாம் முடிந்தது.

எங்கள் தெரு திரும்பியதும் வழக்கம்போல் வண்டிச் சத்தத்துக்கு அவள் கேட்டுக்கு ஓடி வந்தாள். வீங்கிய காலோடு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தவே மறந்துவிட்டார். அது தானாக அணைந்து, சாய்ந்து, என்னையும் சேர்த்துக் கீழே தள்ளியது. அவர் இறங்கி இரண்டு அடி வைத்து, எங்கள் வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விறுக்கென்று எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"மனுஷனாய்யா நீ? என்கூடக் கட்டிக்கிட்டுக் கிடந்தியே, இத ஒரு வார்த்தை சொன்னியா? ரயில்வே கேட்ல கெஞ்சினேனே, அப்பவாவது சொன்னியா? என்ன ஜென்மம்யா நீ!"

முதல் தடவையாக என்னை மரியாதை இல்லாமல் பேசினார். அடிப்பார் என்றே நினைத்தேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து அப்பா, யாரையும் பார்க்காமல், "சாப்பிட நேரமாச்சு, இலை போடச் சொல்லு" என்று சத்தமாகச் சொன்னது கேட்டது.

நான் அவர் தோளுக்கு மேலே தங்கையைப் பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் என்னைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றாள் அவரிடம்.