இருபத்து மூன்று பிளாப்பிகளின் மழை

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. முந்தைய இரவு பெய்தது எங்கள் மொட்டைமாடி மழைமானியில் 4.2 மில்லிமீட்டர். நான் ஆட்டோவில் ஏறும்போதும் தூறல் விடவில்லை. தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடிவீட்டுக்குப் போய்த் தீப்பெட்டி அளவிலான ஒரு போர்டு வாங்கிவர வேண்டியிருந்தது.

1988 ஜனவரி முதல் தேதியிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு மழையை அளந்து எழுதுகிறேன். அந்த வருடம்தான் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். கீபோர்டும் பெட்டியும் ஒன்றாக இருக்கும், டிவியில் மாட்டிக்கொள்கிற ரகம். வருடத்துக்கு ஒரு பிளாப்பி, நாளுக்கு ஒரு வரி. 2010 வரை இருபத்து மூன்று பிளாப்பிகள். மொத்தம் 8,401 நாட்கள். அதற்குப் பிறகு லேப்டாப் வந்துவிட்டது. முதலில் எழுதிய நோட்டுகளை வீடு மாறும்போது நானே எடைபோட்டுப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தேன், கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று. பதினொன்றரைக் கிலோ.

அந்த 2023 கோடையில் பிளாப்பி டிரைவ் கீச்சிட ஆரம்பித்தது. அது நின்றுபோனால் இருபத்து மூன்று வருட மழையும் போய்விடும். வேறெந்த இயந்திரத்திலும் அந்த பிளாப்பியைப் படிக்க முடியாது. பழைய கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்க வெளிநாட்டில் கார்டு செய்கிறார்கள், சுங்கத்தோடு பத்தாயிரத்தைத் தாண்டும் என்று தெரிந்தது. அதே வேலையைச் செய்யும் போர்டை மைசூரிலேயே ஒருவர் அறுநூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுக்கிறார் என்று இணையக் குழு ஒன்றில் படித்தேன்.

செய்கிறவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். போர்டில் மலிவான வைஃபை சில்லு ஒன்று இருந்தது. ஒரு முனையை என் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகி, மறுமுனைக்கு மொபைல் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை என்றால் என்னவென்று தெரியாது. தொலைபேசி மோடம் மாட்டியிருப்பதாக நினைத்து அது எண்ணைச் சுழற்றும். மறுபக்கம் லேப்டாப் எடுத்துப் பேசும். ஒரு வருடத்தை அனுப்ப நான்கு நிமிடம் என்றார். நான் வாட்சைப் பார்த்தேன். அவருடைய மேஜையிலிருந்த வேறு ரகப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அத்தனை வரியை அனுப்பிக் காட்டியதில் மூன்று நிமிடம் ஐம்பது விநாடி ஆயிற்று.

பிளாப்பிகளின் வயதைக் கேட்டவர், போர்டைக் கையில் கொடுக்கும்முன் ஒன்று சொன்னார்.

"நோடி சார், பழைய பிளாப்பியோட பூச்சு உதிரும். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் கொஞ்சம் சுரண்டிட்டுப் போகும். அதனால ஒரே தடவை. படிக்கிறதும் அனுப்புறதும் ஒண்ணா நடக்கட்டும்."

சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் நான் முப்பத்திரண்டு வருடம் கொள்ளேகால் பக்கத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையில் எடை எழுதியவன். ஏற்றும்முன் ஓர் எடை, இறக்கியபின் ஓர் எடை; இரண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. முதல் எடை போடாமல் ஒரு மூட்டை என் கண்முன்னால் வண்டி ஏறியதில்லை. இங்கே எத்தனை வரி கிளம்பியது என்று தெரியாமல், எத்தனை வரி வந்து சேர்ந்தது என்று எப்படிச் சரிபார்ப்பது? வருடத்துக்கு இத்தனை நாள் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் பிளாப்பியில் அத்தனை வரி இருக்கிறதா என்று யார் பார்த்தது?

திங்களும் செவ்வாயும் இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, டிவியில் மாதம் மாதமாக ஓடவிட்டுப் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். மனைவி காப்பியை வைத்துவிட்டு, "இதென்ன பட்டுக்கூட்டு மூட்டையா, எடை போட்டு ஏத்த?" என்றாள். அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே எண்ணியதில் 1997க்கு 364 வந்தது. மறுபடி எண்ணினேன். 365. நோட்டில் 'சரி' என்று எழுதினேன்.

புதன்கிழமை போர்டை மாட்டினேன். முதல் ஒன்பது வருடங்கள் ஒரு வரி குறையாமல் வந்து சேர்ந்தன. பத்தாவது 1997. ஜூன் 11 வரை வந்தது, டிரைவ் கத்தியது, திரை நின்றது. 162 வரி.

அவருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை தடவை படிச்சீங்க?"

"ரெண்டு, மேடம்."

"எல்லாமே ரெண்டா?"

"அதை மட்டும் மூணு."

"இனிமே எதையும் தொடாதீங்க. எண்ணவும் எண்ணாதீங்க," என்று வைத்துவிட்டார்.

வியாழன் காலை அவரே வந்தார். வழியில் மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கியிருந்தார். டிரைவின் படிக்கும் தலையைப் பஞ்சால் துடைத்தபோது பஞ்சு பழுப்பாக வந்தது, உதிர்ந்த பூச்சு. மிச்சம் பதின்மூன்றையும் அவரே போட்டார், ஒவ்வொன்றுக்கும் முன்னால் துடைத்து. நான் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். நான் வரிகளை எண்ணுகிறேனா என்று அவர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். பதின்மூன்றும் வந்து சேர்ந்தன.

கடைசியாக 1997ஐ இன்னொரு முறை முயன்றோம். அதே இடத்தில் அதே சத்தம். அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கருப்புத் தகட்டில் மோதிரம் போல ஒரு வட்டம், கண்ணாடியாக, அந்தப் பக்கம் தென்னை தெரிந்தது.

"இதுல இனிமே ஒண்ணும் இல்ல சார்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது. அந்த வருடம் எத்தனை வரி என்று என் நோட்டில் இருந்தது. எவ்வளவு மழை என்று ஓர் இடத்திலும் இல்லை. கூட்டுத் தொகையாவது எழுதியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை.

அவர் போனபின் லேப்டாப்பில் அட்டவணையைச் சேர்த்தேன். மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மழையே பெய்யலைன்னு பூஜ்யம் போட்டுடாதீங்க," என்றாள். போடவில்லை. பூஜ்யம் என்றால் அன்று மானி காய்ந்திருந்தது என்று பொருள். 1997 ஜூன் 12 முதல் டிசம்பர் 31 வரை, இரண்டு பருவமழையும் ஏறக்குறைய முழுதாக அடங்கிய அந்தக் கட்டங்களில் சிறு கோடுகள் இட்டேன்.

போர்டு 650, கேபிள் 180, நான் போய்வந்த ஆட்டோ 140, அவர் வந்த ஆட்டோ 75, ஸ்பிரிட்டும் பஞ்சும் 90. ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாயும், இருநூற்று மூன்று நாள் மழையும்.