ஓசூர் மண்டியில் வாயால் சொன்ன விலை

காலை ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். ராயக்கோட்டைக்குப் பதினெட்டு மைல், பன்னிரண்டு அணா. அச்சுக்கூடத்துக்குக் காகிதம் வாங்கப் பெங்களூர் போக வேண்டும். நேர்ச் சாலையில் போகும் பஸ்ஸில் காலை வைக்கக்கூட இடமில்லை. சுற்றிக்கொண்டு போனேன்.

ஏழு மணிக்கு ராயக்கோட்டையில் இறங்கினால், ஓசூர் பஸ் அச்சு முறிந்து கிடக்கிறது என்றார்கள். ரயில் உண்டா என்று டீக்கடையில் கேட்டுவைத்தேன். "ரயிலா? யுத்தத்தப்பவே தண்டவாளத்தைப் பேத்துக்கினு போயிட்டாங்க சாமி!" என்று கடைக்காரர் சிரித்தார். மிச்சம் இருந்தது தக்காளி ஏற்றிய ஒரு லாரிதான். எட்டணா கொடுத்தால் சரக்கின் மேல் உட்காரலாம் என்றார் டிரைவர் காதர் பாய்.

உட்கார்ந்ததும் வசவு கிடைத்தது. "கூடை மேல சாயாத சாமி! பழம் கீது, பஞ்சு மெத்தை இல்ல!" சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்த நாற்பது வயதுப் பெண். பெயர் நாகம்மா. லாரியில் பதினெட்டுக் கூடைகள் அவளுடையவை. கணவர் இறந்து மூன்று வருஷமாகிறதாம். கிணற்றுத் தோட்டத்தை அவளே பார்க்கிறாள்.

"போன வாரம் கூடைக்கு ரெண்டு ரூபா போட்டாங்க. கூடைக்கும் லாரிக்கும் பறிகூலிக்குமே சரியாப் போச்சு. இன்னிக்கும் ரெண்டுன்னா, நாளைக்கே தோட்டத்துல மாட்டை அவுத்து உட்டுடுவேன். மேஞ்சிட்டுப் போவட்டும்" என்றாள்.

"பேரம் பேசக்கூடாதா?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னாள். மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விவசாயியும் மண்டிக்காரரும் துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள். எத்தனை விரல் பிடிக்கிறாரோ அத்தனை ரூபாய்; பாதி விரல் என்றால் எட்டணா. வாங்க வரும் பெங்களூர் வியாபாரியிடமும் மண்டிக்காரர் அப்படியே வேறு விரல் பிடிப்பார். யாருக்கு என்ன விலை என்று மூன்றாம் பேருக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. அந்நிய ஆணோடு பெண் கை கோக்கலாமா? கூடாதாம். அதனால் நாகம்மாவுக்குப் பதிலாக மண்டிக் கணக்கப்பிள்ளையே கை கொடுப்பாராம்.

மண்டிக்காரர் கைக்கும் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர் கைக்கும் நடுவே பேரமாம்! அடப் பாவிகளா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உத்தனப்பள்ளியில் டயர் வெடித்து ஒரு மணி நேரம் போயிற்று. நாகம்மா சாக்குகளைக் குட்டையில் நனைத்து வந்து கூடைகளுக்குப் போர்த்தினாள். நானும் நாலு நடை தண்ணீர் சுமந்தேன். இருபது மைலைக் கடந்து ஓசூர் சேர்ந்தபோது மணி பத்தரை.

கூடைகளை இறக்கியதும் கணக்கப்பிள்ளை வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நாகம்மா அவரை ஒதுக்கிவிட்டுத் தன் கையையே மண்டிக்காரரின் துண்டுக்குள் விட்டாள்.

"அய்யோ, பொம்பளை கை!" என்று அவர் பதறினார்.

"பழம் பறிச்சதும் பொம்பளை கைதான். அதை வேணாம்னியா? புடி!"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கடுகடுவென்று ஏதோ பிடித்தார். அடுத்த நொடி அவள் துண்டை உருவி எறிந்தாள். "ரெண்டு! கூடைக்கு ரெண்டு ரூபாயாம், கேட்டுக்குங்க!" தமிழில் கத்தினாள், தெலுங்கில் கத்தினாள், கன்னடத்திலும் கத்தினாள்.

பக்கத்தில் நின்ற உத்தனப்பள்ளி விவசாயி ஒருவர் வாயைப் பிளந்தார். "அதே பழத்துக்கு எனக்கு மூணு புடிச்சாரே!" இன்னொருவர், "எனக்கு ரெண்டரை!" என்றார். சந்தை கொதித்தது.

"ஊர் வழக்கத்தைக் கெடுத்துட்டே. இந்த மண்டியில உன் கூடையை எவனும் தொட மாட்டான்" என்றார் மண்டிக்காரர்.

"தொடாத" என்று சொல்லிவிட்டு அவள் கூடைக்கு முன் உட்கார்ந்தாள்.

பதினொன்றரை மணி. அடிக் கூடையிலிருந்து சாறு கசிந்து மண் நனைந்தது. நான் அவசரப்பட்டு, "ரெண்டுக்காவது தந்துவிடம்மா, மொத்தமும் அழுகிவிடும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"நீ காயிதம் வாங்கப் போற ஆளு. உன் ஜோலியப் பாரு" என்றாள். பிறகு மோவாயால் எதிரே காட்டினாள். பெங்களூர் வியாபாரியின் லாரி அரைவாசி காலியாக நின்றது. "அதுவும் வெயில்லதான் நிக்குது சாமி. இங்க சரக்கு ஏறலைன்னா அங்க அவன் கடையில இன்னா விப்பான்?"

சுற்றிலும் பார்த்தேன். மற்ற விவசாயிகளும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தத்தம் கூடைக்கு முன் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வியாபாரியே நடந்து வந்தார். பழக்க தோஷம், துண்டை விரித்துக்கொண்டுதான் வந்தார். நாகம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து, "நால்கு" என்று முணுமுணுத்தார். நாலு ரூபாய்.

"ஜோராகி ஹேளு" என்றாள் அவர் பாஷையிலேயே. சத்தமாகச் சொல்.

அவர் மண்டிக்காரரைப் பார்த்தார், தம் லாரியைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நால்கு ரூபாயி!" என்று கத்தினார். பதினெட்டுக் கூடையும் ஏறின.

ஒரு மணிக்குப் பெங்களூர் பஸ் வந்தது. இருபத்தைந்து மைல், ஒரு ரூபாய். ஏறி உட்கார்ந்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டு நெல்லுக்கு யார் விலை வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்று இந்த வயது வரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கக்கேடு.

பஸ் நகர்ந்தபோது உத்தனப்பள்ளிக்காரர் எழுந்து நின்று, ஊருக்கே கேட்கும்படி வியாபாரியிடம் கத்திக்கொண்டிருந்தார்: "நாலுக்கு நான் தர மாட்டேன். நாலேகால்!"