பேன்ட் பாக்கெட்டில் கரண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷாக் அடித்தது. தக்காளி விலையைக் கேட்டு அடிக்கிற ஷாக் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் ஷாக். ஹாலில் ஃபேன் மக்கர் செய்தது. கீழே மாடிப்படி ஓரம் இருக்கும் மீட்டர் பெட்டியில் எங்கள் வீட்டு சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, ஸ்டூலில் ஏறி ஒயரைத் தொட்டேன். அடுத்த நிமிஷம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒரு மரியாதைக்காகத்தான் சொல்கிறேன்.

கரண்ட் கொடுத்த புண்ணியவான் யாரென்று பார்த்தால், மேல்வீட்டுத் தம்பி. ஐ.டி. வேலை, தங்கமான பிள்ளை. "அங்கிள், உங்க லைன் ட்ரிப் ஆயிருந்துச்சு. நான்தான் ஏத்தி விட்டேன்" என்று வாசலில் நின்று சிரிக்கிறான். உபகாரம் செய்தவனை எப்படித் திட்டுவது? என் முடி நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஷாக் ஆயிட்டீங்களா அங்கிள்?" என்று வேறு கேட்டான். ஆமாம்ப்பா, ஆகிவிட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல?

இந்தப் பாரிவாக்கத்து அடுக்குமாடியில் எல்லாருமே இப்படித்தான் பேசுகிறார்கள். சாயங்காலம் லிஃப்டில் ஏறும்போது இதே தம்பி, "ஒடம்புல சார்ஜே இல்ல அங்கிள்" என்பான். மேனேஜரிடம் சம்பள உயர்வு கேட்டு பல்பு வாங்கிவிட்டு வருவான். பார்த்த பெண்ணைப் பற்றிக் கேட்டால், "நல்ல பொண்ணுதான், ஆனா ஸ்பார்க் இல்ல" என்பான். ஸ்பார்க் வந்தால் மெயினை அணைக்க வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

சோபாவில் கிடந்தபோது மூக்கில் ஒரு வாடை ஏறியது. ஒயரின் மேல்தோல் லேசாகக் கருகிய வாடை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாடை எனக்குப் பிடிக்கும். அதோடு கொஞ்சம் வார்னிஷ் வாசனையும் சேர்ந்துவிட்டால் நான் நேராக அம்பத்தூர் எஸ்டேட்டுக்கே போய்விடுவேன், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றும் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரீவைண்டிங் ஷெட்டுக்கு.

விருத்தாசலத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்து அங்கே சேர்ந்தேன். மொத்தம் பதினோரு பேர். எங்களுக்கும் மின்சார வார்த்தை இல்லாமல் வாய் திறக்க வராது. முதலாளி வாசலில் தெரிந்தால், "ஹை டென்ஷன் வருது, ஒத்திக்கோ" என்று ஷெட் முழுக்கச் செய்தி போய்விடும். காலையில் சாப்பிடாமல் வந்தவன் லோ வோல்டேஜ். நடுவில் பேச்சை விட்டுவிட்டு விட்டத்தைப் பார்ப்பவன் லூஸ் கனெக்‌ஷன். எனக்கு வைத்த பெயர் நியூட்ரல். தொட்டால் ஒன்றும் ஆகாதாம்.

பெயர் வைத்தவர் ஃபோர்மேன் தணிகாசலம். கொரட்டூர்க்காரர். வாயைத் திறந்தால் வசவும் சிரிப்பும் சேர்ந்தே வரும். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஒரு காலத்தில் அவர் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது, கீழே எவனோ ஒருவன் நல்லெண்ணத்தோடு ஃபியூஸை மாட்டிவிட்டான். அதிலிருந்து அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. ஃபியூஸைக் கழற்றியவன் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். அவனேதான் திரும்ப மாட்ட வேண்டும். டிராயர் நிறைய வேறு ஃபியூஸ் கிடந்தாலும் எவனும் தொடக்கூடாது.

"கரண்டு உன் ஜோபில கீது. அப்பால இன்னாத்துக்குடா பயம்?" என்பார்.

இப்போது உள்ளவர்களுக்கு ஃபியூஸ் என்றால் தெரியாது. உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான் கட்டை, நடுவில் மெல்லிசாக ஒரு கம்பி. எங்கள் ஷெட்டுக்கு மூன்று கட்டைகள். மூன்றையும் பிடுங்கினால் ஷெட்டே செத்துவிடும்.

இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்க்கும் படலம் நடந்துகொண்டிருந்தது. நான்கு வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கையைப் பார்ப்பார்கள், நகக்கண்ணில் கறுப்பு வார்னிஷ். அவ்வளவுதான், கதை முடிந்தது. ஐந்தாவது திருநின்றவூர். கோமதி என்று பெயர். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுக்கும் போய் பஜ்ஜி தின்னப் போவதில்லை என்று முடிவே செய்திருந்தேன். ஒரு வாரமாக ஷெட்டில் இதே பேச்சு. வீடு ஏரிக்கரைத் தெருவில் எத்தனையாவது என்பதுவரை பத்துப் பேருக்கும் மனப்பாடம்.

அந்தச் சனிக்கிழமை காலை, கூரைக்குக் கீழே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு லைன் இழுக்கும் வேலை எனக்கு. சட்டப்படி மூன்று கட்டைகளையும் பிடுங்கி பேன்ட் பாக்கெட்டுகளில் போட்டுக்கொண்டு ஏறினேன். வேலை முடிந்து இறங்கும்போது எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வாசலில் சித்தப்பா தவித்துக்கொண்டு நின்றார். "டேய், மூணு மணிக்கு நல்ல நேரம்டா!" கெரசின் போட்டு நகத்தைத் தேய்த்தேன், சட்டையை மாற்றினேன், ரயிலுக்கு ஓடினேன். பேன்டை மாற்றவில்லை. இருந்ததிலேயே நல்ல பேன்ட் அதுதான், காலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியார். கதர் சட்டை, கனத்த கண்ணாடி. உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மோட்டார் நேம் பிளேட்டில் படித்தது. ஹாபி என்ன என்று கேட்டார். "ரீவைண்டிங் சார்" என்றேன். கெட்ட பழக்கம் ஏதும் உண்டா என்றார். "நோ லீக்கேஜ் சார்." கோபம் வருமா? "சிங்கிள் ஃபேஸ் சார். த்ரீ ஃபேஸ் இல்லை." சித்தப்பா குனிந்து தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

கோமதி கேசரித் தட்டோடு வந்தாள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கர்ச்சீப்பை உருவினேன். கூடவே ஒரு பீங்கான் கட்டையும் வந்து, அவள் காலடியில் டங்கென்று விழுந்தது.

ஐயோ, அந்த நொடியை எப்படிச் சொல்வேன்! முதலில் மானம் போனது. அடுத்து, ஷெட்டில் பத்துப் பேர் மோட்டார் ஓடாமல், ஃபேன் சுற்றாமல் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. வார்னிஷ் அடித்து மின்சார அடுப்பில் காயவைத்த மோட்டார்கள் வேறு பாதி வேக்காட்டில் இருக்கும்.

கோமதி அதைக் குனிந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். "கம்பி நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கழட்டுனாங்க?" என்றாள், அவள் அப்பாவிடம் கேட்பதுபோல. அந்த வீட்டில் ஃபியூஸ் போனால் கம்பி கட்டுவது அவள்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வாத்தியாருக்கு இலக்கணத்தில் இருந்த தைரியம் கரண்டில் இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். "வேற ஃபியூஸ் போட்டுக்க மாட்டாங்களா தம்பி?" என்றார் வாத்தியார், தமிழுக்கு இறங்கி வந்து.

"போட மாட்டாங்க சார். நான் எங்கயோ மேல ஏறி இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாங்க."

உட்கார்ந்தால் அங்கே துரோகம். எழுந்தால் இங்கே ஐந்தாவது வீடும் போச்சு. பெண் பார்க்க வந்தவன் கேசரியைத் தொடாமல் பாதியில் எழுந்து போனால் எந்த அப்பா பெண் கொடுப்பார்? சித்தப்பா என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார், எழுந்துவிடாமல்.

அப்போது வாசலில் ஒரு குரல். "வாத்யார் ஊடு இதானே?"

தணிகாசலம்! காக்கிச் சட்டை, மேலெல்லாம் ஒட்டடை. என்னைப் பார்த்ததும் அவருக்கு மூச்சே அப்போதுதான் வந்ததுபோல் இருந்தது.

"டேய் நியூட்ரலு! கூர மேல, குடோன் பின்னால, எங்கெல்லாம்டா தேடுறது? எங்கனா அடிச்சி வுழுந்து கெடக்கிறியான்னு பயந்துபூட்டோம். நீ இன்னாடான்னா கம்பெனி கரண்ட ஜோபில போட்டுகினு கேசரி துன்னுகினு கீற!"

கோமதி கையில் இருந்ததையும் வாங்கி, மூன்று கட்டைகளையும் அவரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் வாங்க மாட்டேன். எட்தவன்தான் வெக்கணும். வா."

"அண்ணே, பொண்ணு பாக்க வந்திருக்கேன்ணே…"

"பொண்ணு எங்க போவப்போவுது? நைனா, நீ கோச்சுக்காத" என்று வாத்தியாரிடம் திரும்பினார். வாத்தியாரை நைனா என்று யாரும் அதுவரை கூப்பிட்டிருக்க மாட்டார்கள். தணிகாசலம் மடங்காத இரண்டு விரல்களையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, முழுக் கதையையும் சொன்னார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த விரல்களையே பார்த்தார்.

"பையன் எப்படி?" என்று கேட்டார்.

"இவனா? இவன் லைன் ஆஃப்னு சொன்னா, நான் கண்ண மூடிகினு கம்பியத் தொடுவேன். வேற எவன் சொன்னாலும் தொட மாட்டேன், என் பொஞ்சாதி உட்பட."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் அதுவரை என்னை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இருந்தாலும் எழுந்தேன். சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து கோமதியின் குரல் கேட்டது.

"அப்பா, ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க. பஜ்ஜியைக் கட்டித் தரேன். அங்க பத்துப் பேரு உக்காந்திருக்காங்க இல்ல?"

ரயிலில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஷெட்டில் மூன்று கட்டைகளையும் நானே மாட்டினேன். வெந்தும் வேகாத மோட்டார்களுக்காக முதலாளி கிழித்ததை இங்கே எழுத முடியாது. பஜ்ஜி அருமை. தை மாதம் கல்யாணம்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். மேல்வீட்டுத் தம்பி அங்கேதான் வேலைக்குப் போகிறான். தணிகாசலம் அண்ணன் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஏரிக்கரை வீட்டை விற்றாயிற்று. பீங்கான் கட்டைகளைத் தேடினாலும் கிடைக்காது. இப்போதெல்லாம் வரிசையாகப் பொத்தான்கள். போகிற வருகிறவன் யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் தூக்கிவிடலாம். கரண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள இனி வழியில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஞாயிறு சாயங்காலம் மறுபடி ஸ்டூலில் ஏறினேன். ஃபேன் ஓட வேண்டுமே. பொத்தானை அணைத்தது நான்தான். முட்டிவலியோடு ஒரு மாடி இறங்கி, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது கோமதி. ஒயரைத் தொடப் போனபோது, கீழே அந்தத் தம்பியின் குரல் கேட்டது.

"என்ன ஆன்ட்டி, மறுபடி ட்ரிப்பா? நான் ஏத்தி விடட்டா?"

"கை வெக்காதப்பா. எடுத்தவரு மேல இருக்காரு."

கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன்.