தென்கிழக்கே நின்ற ஆன்டெனா

இலங்கைத் தொலைக்காட்சி நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பச் சோம்பல். வேறு காரணம் எதுவும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் எங்கள் தெருவுக்கு எட்டியது இலங்கை ஒளிபரப்பு ஒன்றுதான். நான் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்தேன், டிவி வாங்கியிருந்தேன். அந்தப் பெண் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தாயகம் திரும்பியவர்களோடு வந்தவள். தம்பி அங்கேயே தங்கிவிட்டான். பகலெல்லாம் மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டு, அந்தியில் ஜீப்பிலிருந்து இறங்கியதும் தலைத்துண்டோடு நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். தமிழ்ச் செய்தியில் மலைப்பக்கம் எதையாவது காட்டினால் எழுந்து நின்றுவிடுவாள்.

பிறகு கொடைக்கானலில் தூர்தர்ஷன் டவர் வந்தது. படம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. ஊரே ஆன்டெனாவை வடகிழக்கே திருப்பியது; நானும் திருப்பினேன்.

"ஐயா, செய்தி நேரத்துக்கு மட்டும் நம்ம பக்கமாத் திருப்பி விடுங்களேன்" என்று தினமும் கேட்டாள். இலங்கையைத்தான் அவள் 'நம்ம பக்கம்' என்பாள்.

ஒருநாள் எரிச்சலில் சொன்னேன்: "அந்த ஸ்டேஷனையே மூடிட்டாங்க ஆத்தா."

"ஒரேடியாவா?"

"ஒரேடியாத்தான்."

அதன்பின் அவள் வரவில்லை. தொல்லை விட்டது என்றிருந்தேன்.

வெகுநாள் கழித்துத் தண்ணீர்க் குழாயடியிலிருந்து திரும்பிய என் மனைவி குடத்தை இறக்காமலே கேட்டாள்: "அவகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க? கலவரத்துல அங்க தம்பி ஊரே அழிஞ்சுபோச்சு, ஸ்டேஷனே இல்லைன்னு ஐயாவே சொல்லிட்டாருன்னு, தம்பிக்குக் காயிதம் போடுறதையே விட்டுட்டா."

அப்போதே மாடியேறினேன். ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனரால் நெம்பி ஆன்டெனாக் குழாயைத் தென்கிழக்கே திருப்பினேன்.

"தெரியுதா?" என்று கீழே டிவி முன் நின்ற மனைவியிடம் கத்தினேன்.

"ஈசல்தான் பறக்குது!" திரையில் வெள்ளைப் புள்ளி கொட்டினால் எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம்.

"இப்ப?"

"அதே ஈசல்தான்! எறங்கி வாங்க, வறுத்துத் தின்னலாம்."

இறங்கவில்லை. இன்னொரு குழாயைச் சேர்த்துக் கட்டி உயரத்தைக் கூட்டினேன். உள்ளங்கை கிழிந்தது. மறுநாளும் ஏறினேன், அதற்கடுத்த நாளும் ஏறினேன். கடைசியில் கீழேயிருந்து குரல் வந்தது: "ஆளு தெரியுது! அசைக்காதீங்க!"

அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கையின் காய்க்கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஸ்டேஷனை யாரும் மூடலை. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அப்ப நான் போடாத காயிதத்துக்கெல்லாம் யாருங்கய்யா பதில் சொல்லுவா?"

அவள் சொல்லச் சொல்லக் கடிதங்களை நானே எழுதி அனுப்பினேன். ஒன்று, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மற்றவற்றுக்குப் பதிலே இல்லை. அங்கிருந்து வந்தவர்கள் யார் கிடைத்தாலும் விசாரித்தேன். தம்பி இருக்குமிடம் தெரியவில்லை.

ஆன்டெனாவை நான் திரும்பத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு என் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அவள் செய்தி நேரத்துக்கு வருவாள். ஆனால் உள்ளே வரமாட்டாள், எதிர்வீட்டுப் படியில் உட்காருவாள். டிவியை வாசலைப் பார்க்கத் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைப்பேன். செய்தி முடிந்ததும் துண்டை உதறிவிட்டுப் போய்விடுவாள்.