நாற்பத்தொன்றாம் பக்கத்துத் திருத்தம்

எங்கள் டென்னசி மலைப்பக்கத்து நீதிமன்றத்தில் பழைய ஆவண அறைக்கு முப்பத்தைந்து வருடங்களாக நான்தான் பொறுப்பு. வம்சம் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தளபதியோ பிரபுவோ கிடைத்தால் போதும். பன்றி வளர்த்தவன் கிடைத்தால் முகம் சுண்டிப்போகும். வெஸ்டா கேட்ரன் அந்த ரகம் இல்லை. பன்றி வளர்த்தவன் என்றால் எத்தனை பன்றி என்று கேட்பாள். டெலிபோன் இணைப்பகத்தில் வேலை, கல்யாணம் கிடையாது, ஓய்வு நாளெல்லாம் என் அறையில்தான் கிடப்பாள்.

அவள் தேடியது, மலை தாண்டி வந்து காடு வெட்டி இங்கே முதலில் குடியேறிய ஐஷம் கேட்ரனை. பத்து வருடம் தேடி, 1960இல் குடும்பப் புத்தகம் அச்சிட்டாள். ஐஷம் சிடார் மேட்டில் அடக்கமாகியிருக்கிறார் என்று நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதினாள். மேட்டில் ஒரு காட்டுக்கல் உண்டு. அதில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் 1822 என்ற ஆண்டும் கீறியிருந்தன. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் சொன்னதை நம்பிக் கேட்ரன்கள் அங்கே புதுக் கல் நட்டார்கள். வருடந்தோறும் மே மாத ஞாயிறு ஒன்றில் கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்து, நீள மேசை போட்டு அங்கேயே சாப்பிடும் வழக்கமும் அந்த மேட்டுக்கு இடம் மாறியது.

மூன்று வருடம் கழித்து, அவளுடைய பெரியப்பா மகன் ஹோபர்ட்டின் ஒரே பையன் டாரெல், டிராக்டர் கவிழ்ந்து செத்துப்போனான். பத்தொன்பது வயது. பையனின் அம்மா நெட்டி, தன் பிறந்த வீட்டார் கிடக்கும் தேவாலயத் தோட்டத்தில் அவனைப் புதைக்க வேண்டும் என்று அழுதாள். வெஸ்டாதான் ஹோபர்ட்டின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "மேட்டுல வைங்கண்ணா. அந்நியருங்க நடுவுல கெடக்க மாட்டான். மொதத் தாத்தா பக்கத்துல இருப்பான்." ஹோபர்ட் மனைவி பேச்சைத் தள்ளிவிட்டு மேட்டுக்குத் தூக்கிப்போனார். நெட்டி அதை மன்னிக்கவில்லை. பத்து வருடம் கழித்து அவள் போனபோது பிறந்த வீட்டார் பக்கத்தில்தான் படுத்தாள். ஹோபர்ட் அங்கே கணவன் மனைவி இருவருக்குமாக இரட்டைக் கல் நட்டு, தன் பெயரையும் பிறந்த வருடத்தையும் வெட்டி வைத்தார். அவளிடம் அவர் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான்.

1978இல் நீதிமன்றப் பரணைச் சுத்தம் செய்தபோது, நூலால் கட்டிய காகிதக் கட்டு ஒன்று விழுந்தது. அதை நான்தான் வெஸ்டாவிடம் கொடுத்தேன். இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். உள்ளே ஒரு விதவையின் மனு: என் கணவர் ஐஷம் கேட்ரன் இறந்துவிட்டார், ஆற்றுத்துறை வீட்டருகே புதைத்திருக்கிறோம், நிலத்தில் விதவைக்குச் சட்டப்படி உரிய மூன்றில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுங்கள். தேதி 1809. பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. 1809இல் செத்தவர் 1822இல் எப்படிச் சாவார்? மேட்டில் இருப்பது வேறு யாரோ. ஆற்றுத்துறையோ, அணை கட்டிய பிறகு தண்ணீருக்கடியில்.

"கட்டித் திரும்பப் பரண்ல போடு. யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நான் பாத்துட்டேனேடி."

நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குத் திருத்தச் சீட்டு அச்சடித்தாள். பசைப் புட்டியும் தூரிகையுமாகப் புத்தகம் உள்ள வீடெல்லாம் ஏறினோம். என் கார், என் பெட்ரோல். ஒருத்தி இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "அப்போ பதினெட்டு வருஷமா எந்தக் கழுதைக்குக் கோழி வறுத்துத் தூக்கிட்டுப் போனேன்?" சிரித்தோம். வெஸ்டா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நான், "ஹோபர்ட் வீட்டுக்கு எப்போ?" என்பேன். "கடைசியா" என்பாள்.

கடைசி வீட்டுக்கும் போனோம். ஹோபர்ட் சோளரொட்டியும் மோரும் எடுத்து வைத்தார். வெஸ்டா தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார்.

"ஒட்டு."

ஒட்டினாள். அவர் புத்தகத்தை வாங்கி, பின்னால் பிறப்பு இறப்பு எழுத விட்டிருந்த வெற்றுத் தாள்களுக்குப் புரட்டினார். அங்கே வெஸ்டாவின் சொந்தக் கையெழுத்து: டாரெல் கேட்ரன், தன் குலத்தின் முதல்வர் அருகில் துயில்கிறான்.

"இதுக்கு எங்க சீட்டு?"

வெஸ்டாவின் கையில் தூரிகை நின்றுவிட்டது. பசை மேசையில் சொட்டியது.

"அந்நியருங்க நடுவுல கெடக்க மாட்டான்னு நீதானே சொன்ன? நெட்டி என் கால்ல விழுந்தா, வெஸ்டா. உன் பேச்சைக் கேட்டு அவளைத் தாண்டிப் போனேன்."

"சொன்னேண்ணா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். என்னைத் திட்டுங்க."

"திட்டி?" என்றார் அவர்.

"பையனை எடுத்து அண்ணிகிட்ட மாத்திரலாமா?" என்று நான் குறுக்கே நுழைந்தேன்.

"வாயை மூடும்மா நீ. ரெண்டு தடவை புதைக்க எனக்குத் தெம்பில்ல." பிறகு வெஸ்டாவிடம் சொன்னார்: "நான் போனா என்னை மேட்டுல வையி."

"அண்ணி பக்கத்துல உங்க பேரு வெட்டியிருக்கே!"

"அவளுக்கு அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பக்கத்துலயே இருக்காங்க. அவனுக்கு யாரு இருக்கா?"

நான்கு வருடம் கழித்து அவர் போனபோது, சொன்னபடியே மேட்டில் வைத்தோம். பிறகு வெஸ்டா அந்தத் தாளில் டாரெலின் வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: தன் தகப்பனார் அருகில். அதன் பிறகு அவள் என் அறைக்கு வரவே இல்லை. கூப்பிட்டும் பார்த்துவிட்டேன்.

தேவாலயத் தோட்டத்தில் நெட்டியின் கல்லில் ஹோபர்ட்டின் பெயர் இன்னும் இருக்கிறது, பிறந்த வருடத்தோடு. இறந்த வருடம் வெட்டவேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கிறது. வம்சம் தேடி வருகிறவர்கள் நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு, நேரே என்னிடம் வந்து இவர் எங்கே போனார் என்று கேட்கிறார்கள். நான் மேட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.