வெள்ளச்சியும் ஒரு சுளகு புற்றுமண்ணும்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஊருக்கு ஒரு கடிதம் போடுவதென்றாலே இரண்டு நாள் யோசிக்கிறவள், பத்துப் பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான். அதிலும் ஒரு கிழட்டுப் பூனையின் மூத்திரத்தைப் பற்றி. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாடை கண்ணைக் கரிக்கும். வாசலில் கால் வைக்கும்போதே மூக்கில் ஏறிவிடும். சாணம் மெழுகினாலும் சாம்பல் போட்டாலும் வேப்பிலைப் புகை காட்டினாலும் வெயில் ஏறியதும் மறுபடி கிளம்பும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி இருந்ததால் வீட்டுக்கு வீடு கஞ்சி வாடை உண்டு. ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், எங்கள் வீட்டில் மட்டும் அதற்கு மேலே இந்த வாடையும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏ யக்கா, கருவாடு எதையும் மறந்து வச்சிட்டியளா?” என்று கேட்பாள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போகும்.

பூனையின் பெயர் வெள்ளச்சி. எனக்கு மூன்று வயது மூத்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் சோற்றுக்கஞ்சியைத் தின்ன எலி வரும் என்பதற்காக, குட்டியாக இருக்கும்போதே அப்பா அவளைத் தூக்கிவந்தாராம். பன்னிரண்டு வயதில் பல் உதிர்ந்து முதுகெலும்பு துருத்தி, எலி எதிரே போனாலும் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். எங்கள் அத்தையின் சேலைத் தலைப்பில் சுருண்டு கிடப்பதுதான் வேலை. அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர்.

அதுவரை ஒழுங்காகப் புறவாசலுக்குப் போய்வந்த வெள்ளச்சி, சித்திரைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே “மோள” ஆரம்பித்தாள். அரிசிப் பானையின் ஓரம், அம்மிக்கு அடியில், என் புத்தகப் பை மேல் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா கண்ணில் படுவதற்கு முன்னால் மோப்பம் பிடித்துத் தேடித் துடைத்துவிடுவேன். ஆனால் ஒருநாள் கஞ்சி போட்டுச் சுருட்டிவைத்திருந்த பாவின் மேலேயே போய்விட்டாள். வெள்ளை நூலில் கையகலத்துக்கு மஞ்சள்.

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கு அம்மாவைப் பார்த்துப் போட்டார்.

“எலி கடிச்சாலாவது முடிச்சுப் போட்டு ஓட்டிரலாம். இது மோண்ட நூல என்னளா செய்ய? ஆடித் தபசுத் திருநாளுக்கு வாசுதேவநல்லூர்லேருந்து ஒங்க அண்ணன் வீட்டுல எல்லாரும் வாராக. அதுக்குள்ள இந்த மோளுதது நிக்கலன்னா, இதச் சாக்குல கட்டிக் கொண்டுபோயி சிவகிரிப் பக்கம் விட்டுட்டு வந்துருவேன்.”

“பல்லு போன காலத்துல என்னையும் கொண்டுபோயி விட்டுருவியோல?” என்றார் அத்தை.

“நீ பாவுல மோண்டேன்னா விட்டுருவேன்” என்றார் அப்பா. அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அப்பா சாக்கை உதறி ஆணியில் மாட்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் எந்த நோவுக்கும் முதல் வைத்தியம் கோமதியம்மன் கோவில் புற்றுமண்தான். சிரங்கு, பூரான் கடி, கைப்பிள்ளைக்கு வரும் சீர் நோவு, எல்லாவற்றுக்கும் அதைக் குழைத்துப் பூசுவார்கள். ஒரு சிட்டிகை வாயிலும் போடுவார்கள். வெள்ளச்சிக்கு வந்தது வயதுக் கோளாறு என்று நம்பிய அம்மா, அவள் அடிவயிற்றில் மண்ணைக் குழைத்துப் பூசினாள். வெள்ளச்சி உட்கார்ந்து அதை நிதானமாக நக்கித் தீர்த்தாள். வருகிற உறவுக்காரர்களுக்கும் கொடுத்தனுப்ப வேண்டுமென்று அம்மா நாலைந்து நாள் போய்வந்து சேர்த்த மண்ணைச் சலித்து, ஈரம் போக, அரிசி புடைக்கிற சுளகில் பரப்பி, அடுப்படி மூலையில் வைத்திருந்தாள்.

உறவுக்காரர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம். நான் அடுப்படிக்குள் போனபோது வெள்ளச்சி அந்தச் சுளகின் மேல் ஏறி நின்றாள். முன்னங்காலால் மெல்லக் குழி பறித்தாள். விரட்டினால் ஓடிப்போய்ப் பாவில் போவாள். விட்டால் சாமி குத்தம். வாய் திறக்காமலே வளர்ந்த பிள்ளை நான், அப்போதும் திறக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள், முடித்தாள், மண்ணைத் தள்ளி ஒழுங்காக மூடினாள். மூன்று மாதத்தில் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “ஐயோ, ஆத்தா! புத்துமண்ணுலயா!” அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அத்தை ஓடி வந்தார். தறியை விட்டு அப்பாவும் எழுந்து வந்தார். நான் வெள்ளச்சியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அத்தைதான் குனிந்து பார்த்தார். மூடியிருந்த குவியலைப் பார்த்தார். பிறகு புறவாசலைப் பார்த்தார்.

“ஏல, இது மண்ணு தேடியில்லா அலைஞ்சிருக்கு! புறவாசல்ல பட்டியக்கல்லு போட்டது யாரு? நீதான? சொவரேறிக் குதிச்சுப் போக இதுக்குக் கால்ல தெம்பு எங்க இருக்கு?”

நூல் காயப்போடும்போது மண் ஒட்டுகிறதென்று அப்பா அந்தச் சித்திரையில்தான் புறவாசல் முழுக்கக் கல் பதித்திருந்தார். ஒரு கைப்பிடி மண் இல்லாத வீடாக அதைச் செய்துவிட்டு, பூனைக்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்பா ஆணியிலிருந்து சாக்கை எடுத்தார். நான் வெள்ளச்சியை இன்னும் இறுக்கிக்கொண்டேன். ஆனால் பூனையைக் கேட்காமல் வெறும் சாக்கோடு தெருவில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது அதில் பாதி அளவுக்கு ஓடைமணல் இருந்தது. விளிம்பு உடைந்த அகலச் சட்டி ஒன்றில் அதைக் கொட்டி, அம்மிக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார். “இங்கன போ, தாயி” என்று வெள்ளச்சியிடம் சொன்னார். அவர் அவளிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அந்தப் புற்றுமண்ணைக் கால்படாத இடமாகப் பார்த்து, கோவில் நந்தவனத்துச் செடிக்கு அடியில் கொட்டிவிட்டு வந்து சூடம் ஏற்றினாள். அத்தை சொன்னார்: “எதுக்குக் கெடந்து பொலம்புத? பூன மோளுதது நிக்கணும்னு கேட்டேல்லா, நிப்பாட்டிக் குடுத்துட்டா கோமதி.” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வெள்ளச்சி அதன் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். இப்போது அந்த வீடும் இல்லை; இடித்து மாடி கட்டி விசைத்தறி போட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் புறவாசல் என்று ஒன்றே கிடையாது. எலிக்கு மருந்து வைக்கிறார்கள்.

அப்பா மணல் கொட்டிவைத்ததற்கு மறுநாள் காலையில் எழுந்ததும் சட்டியைப் போய்ப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மணல் நனைந்து கட்டியாகியிருந்தது. அதை அள்ளிக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.