வெளியே போன நேரம்

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பெயர் போட்டுத் தேடும் மென்பொருளை எழுதியதும் நான்தான். புது மெஷின் பொருத்த வந்த துருக்கிக்காரர் ஒருவர், கேட்டிலிருந்த கம்ப்யூட்டரைத் தன் மொழிக்கு மாற்றிவிட்டுப் போயிருந்தார். அந்த மொழியில் ஆங்கில 'ஐ' (i) எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினாலும் மேலே புள்ளி இருக்கும். என் மென்பொருளோ அடித்த பெயரைப் பெரிய எழுத்தாக்கித்தான் பட்டியலில் தேடும்; எங்கள் பட்டியலில் புள்ளி கிடையாது. அதனால் 'ஐ' வரும் பெயர்கள் எதுவும் தேடினால் சிக்கவில்லை. ஒரு நாள் அதைக் கவனித்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் நான் கேட்டில் உட்கார்ந்திருந்தபோது, எங்களோடு வேலை பார்த்த இத்ரீஸ் அண்ணனின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார்.

"தம்பி, இவரு போனே எடுக்கல. உள்ள இருக்காரா பாரு."

ஆங்கிலத்தில் 'ஐ'யில் தொடங்கும் அவர் பெயரை அடித்தேன். வரவில்லை.

"இன்னிக்கு வேலைக்கே வரலக்கா."

"இன்னாபா சொல்ற? அவரு வண்டி அதோ நிக்குதே."

வண்டியை நானும் பார்த்தேன். முந்தின நாள் சங்கதியும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் எழுந்து போய்ப் பார்க்கச் சோம்பலாக இருந்தது.

"கம்ப்யூட்டர்ல இல்லக்கா."

அவர் வெயிலில் திரும்பி நடந்தார்.

அண்ணன் அப்போது கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தார். அடைப்பு எடுக்கத் தனியாக இறங்கியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாரு" என்றார் டாக்டர்.

அந்தப் பிழையைச் சரிசெய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது அடித்தால் அவர் பெயர் உடனே வருகிறது. அன்றைக்கு உள்ளே வந்த நேரம், காலை எட்டு மணி. வெளியே போன நேரம் காலியாக இருக்கிறது. அதை நிரப்ப எனக்குக் கை வரவில்லை.